காலை ஒன்பது மணி வகுப்பு

"இளந்தாரிப் புள்ளைங்கள்லாம் இந்தப் பக்கம் வாங்க. இன்னைக்கு ஒங்களுக்கு மலை இல்ல."

மேமலைத் தேயிலைத் தோட்டத்தில், விடிகாலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில், கணக்கப்பிள்ளை பொன்னையா இப்படிச் சொன்னதும் கூடையோடு நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டவுன்ல வெழா. பட்டின சபைக்காரங்க தொரைகிட்டப் பேசிட்டாங்க. போய்க் கைதட்டுறவங்களுக்கு முழுப்பேர் உண்டு."

மலையில் நாள் முழுக்க நின்று கொழுந்தெடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழும். அதை வெறும் கைதட்டலுக்குத் தருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்?

"எதுக்குங்க கைதட்டணும்?" என்று கேட்டாள் பவுலின்.

"அது அங்க போனா சொல்லுவாங்க. நீ தட்டு, போதும்."

"சத்தமாத் தட்டுனா ஒன்றப்பேர் போடுவீங்களா?" என்று பின்னாலிருந்து அழகுமுத்து கேட்க, பெரட்டே சிரித்தது.

மணிக்கல் டவுன் அப்படியொன்றும் பெரிய ஊர் இல்லை. ராகலையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆனால் எழுபத்தெட்டாம் வருடம் அதன் பட்டின சபைக்கு இளைஞர்கள் மீது திடீரென்று அக்கறை பொங்கியது. உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். இளைஞர் கமிட்டி என்று பெயர். அதில் தலை நரைக்காதவர் எவரும் இல்லை. சாயம் பூசியவர்கள் இருந்தார்கள். தலைவர் புடவைக்கடை ஆண்டியப்பன். எழுதுகிற வேலை சபைச் செயலாளர் றோலண்டுக்கு.

கூடிக் கூடிப் பேசினார்கள். விழா வளைவுக்கு என்ன நிறத் துணி கட்டுவது என்பதற்கே ஒரு கூட்டம் போய்விட்டது. துணி யார் கடையிலிருந்து வந்தது என்று சொல்லவும் வேண்டுமா? ஒரு முறை றோலண்ட் மட்டும் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"புள்ளைங்கள ஒரு தடவ கூப்பிட்டுக் கேப்பமா?"

"அதுகளுக்கு என்னா தெரியும்?" என்றார் ஆண்டியப்பன். "நோயாளியக் கேட்டா டாக்டரு மருந்து எழுதுறாரு?"

டாக்டர் முதலில் நோயாளியைத்தான் கேட்பார் என்று றோலண்டுக்குத் தெரியும். ஆனால் அவர் வாயில் கூட்டத்துக்கு வாங்கிவைத்த ரோல்ஸ் பலகாரம் இருந்தது. கமிட்டியில் நியாயம் பேச வேண்டிய வாய்களெல்லாம் அநேகமாக இப்படித்தான் நிறைந்திருந்தன.

கடைசியில் சந்தைக் கட்டடத்து மேல்மாடியில் டைப்பிங் வகுப்பு நடத்துவது என்று முடிவானது. வார நாட்களில், காலை ஒன்பது மணிக்கு. ஏன் ஒன்பது மணி? ஆண்டியப்பன் கடை திறக்கும் நேரம் அது. மாடிச் சாவி அவர் கடையில்தான் தொங்கியது. ஆகவே ஊர் இளைஞர்களின் எதிர்காலமும் அந்த நேரத்தில்தான் திறந்தாக வேண்டும்.

விழாவில் டைப்பிங் வகுப்பு என்றதும் பவுலின் முதலில் மனதாரத்தான் கைதட்டினாள். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியும் அவள் மலையில்தான் நின்றாள். நுவரெலியாவில் ஒரு லோயர், டைப்பிங் பழகிக்கொண்டு வந்தால் பாஸ்கா பண்டிகை முடிந்ததும் தன் ஆபீசில் இடம் தருவதாக அவள் அம்மா மரியநாயகியிடம் சொல்லியிருந்தார். அந்த வேலைக்கும் அவளுக்கும் நடுவே நின்றது இந்த டைப்பிங் ஒன்றுதான். ஒன்பது மணி என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் அவள் கை நின்றுவிட்டது. மேடைப் பக்கம் போய்க் கேட்கப் பார்த்தாள்.

"கேள்வியெல்லாம் பொறகு. இப்ப ஃபோட்டோ எடுக்கணும், தள்ளி நில்லு புள்ள," என்றார் ஆண்டியப்பன்.

வகுப்பு தொடங்கியது. அதாவது கதவு திறந்தது. யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? அந்த நேரத்தில் டவுன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் கடைகளிலும் இருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் மலையில் இருந்தார்கள்.

"ஒரு நாளுன்னா போயிட்டு வா," என்றாள் மரியநாயகி. "தெனமும் போனா தொர பேர வெட்டிருவாரு. பொறகு நாம குடியிருக்குற லயத்துக் காம்பராவ விடச் சொல்லுவாங்க. நான் யாரு காலப் புடிப்பேன்?"

அந்த ஒரு நாளையாவது பார்த்துவிடலாம் என்று பவுலின் போனாள். மாடியில் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூன்று டைப்ரைட்டரில் ஒன்றுதான் மேசையில் இருந்தது. மற்ற இரண்டும் பாதுகாப்புக்காக ஆண்டியப்பன் கடையில் பில் அடித்துக்கொண்டிருந்தன. மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் கமிட்டி கூடியிருந்தது.

"எழுதுங்க," என்று ஆண்டியப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். "தோட்டத்து இளைஞர்களுக்கு முன்னேறும் ஆர்வம் இல்லாததால் வகுப்பு மூடப்படுகிறது." பிறகுதான் அவளைப் பார்த்தார். "யாரு புள்ள?"

"டைப்பிங் வகுப்புக்கு வந்தேனுங்க."

"அத மூடியாச்சு. ஆளே வராத எடத்துல என்னா வகுப்பு?"

"ஒம்போது மணிக்கு எங்களால வர ஏலாதுங்க. மலையில நிப்போம்."

"அப்ப மலையிலயே நில்லுங்க. சும்மா குடுத்தாலும் வாங்கிக்கத் தெரியாத சனம்."

பவுலின் நகரவில்லை.

"கைதட்ட ஆள் வேணும்ன ஒடனே தொரைகிட்டப் பேசி எங்கள மலையிலேருந்து எறக்குனீங்க மொதலாளி. அன்னைக்கு மட்டும் நாங்க எங்க நிப்போம்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

கமிட்டியில் ஒருவர் இருமினார். இன்னொருவர் தன் தேநீருக்குள் எதையோ தேடினார். றோலண்ட் எழுதிய தாளை இரண்டாகக் கிழித்துவிட்டு, இத்தனை கூட்டத்திலும் எவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"எப்ப வச்சா வருவீங்க தங்கச்சி?"

"ஞாயித்துக்கெழமைங்க. காலையில பூசைக்குப் போயிட்டு, பொறகு இருட்டுற வரைக்கும் இருப்போம்."

"ஞாயித்துக்கெழம என் கட பூட்டு," என்றார் ஆண்டியப்பன். "சாவி கெடைக்காது."

"சாவி சபையோடது, ஒங்க கடையோடது இல்ல. இப்பவே குடுங்க. ஞாயித்துக்கெழம நான் வந்து தொறக்குறேன். அந்த ரெண்டு மெசினும் இன்னைக்கே மேல வரணும்."

"ஒரு கொழுந்துக்காரிக்காகவா என்னப் பேசுறீங்க றோலண்ட்?"

"பேச வேண்டிய அன்னைக்குப் பேசாம திங்கிறதுக்குத்தான் வாயத் தொறந்தேன். அதுக்கும் சேத்துத்தான் இப்பப் பேசுறேன். இளந்தாரிகளுக்குன்னு ஒண்ணு செய்யணும்னா மொதல்ல அவங்களக் கேக்கணும் மொதலாளி. கேக்காம நாமளே திட்டம் போட்டு, நாமளே மால போட்டுக்கிட்டு, கடைசியில பழிய மட்டும் அவங்க தலையில போடுறது சேவை இல்ல, களவு. கேக்க மனசு இல்லன்னா கமிட்டிய விட்டுட்டுப் போய் பொடவ வில்லுங்க."