சிவப்பு அங்கிக்கு அந்தப் பக்கம்

கூடைப்பந்து மைதானத்தில் சாண்டாவைப் பார்க்க நின்ற வரிசையில், நீனிங் தனக்கு இடப்பக்கம் ஓராள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தாள். வயது நான்கு. வலது கையால் என் விரலைப் பிடித்திருந்தாள். இடது கை சற்றே உயர்ந்து, விரல்கள் மடங்கி, காற்றில் நின்றது. பின்னாலிருந்த பையன் அந்த இடத்தில் நுழையப் பார்த்தபோது, "அங்க ஆள் இருக்கு" என்று தள்ளிவிட்டாள். அவள் அம்மா, என் அண்ணி லீசெல், காதில் விழாதவள் மாதிரி மேலே தொங்கிய நட்சத்திர விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் வரைக்கும் எங்கள் பேட்டைக்கு சாண்டா என் அண்ணன் ரோடெல்தான். மாதா கோவிலில் கழித்துப் போட்ட திரைச்சீலையில் அவனுக்கு அந்தச் சிவப்பு அங்கியைத் தைத்துக் கொடுத்தவள் நான். அக்டோபரில் மீன் பிடிக்கப் போனான். கடல் அவனைத் திருப்பித் தந்தபோது உயிர் இல்லை. எங்கள் ஊரில் சவப்பெட்டியை எடுக்கும் முன் வீட்டுக் குழந்தைகளைத் தூக்கி, பெட்டிக்கு மேலாக அந்தப் பக்கம் நிற்பவர் கையில் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டால், போனவர் பாசத்தில் குழந்தையைச் சுற்றி வர மாட்டார். நான் அந்தப் பக்கம் போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அண்ணி கொடுக்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "வந்து பாத்துட்டுப் போகட்டும் நிம்ஃபா. இவளை அவர் வேற எப்படிப் பார்ப்பாரு?" என்றாள். ஊரே பார்க்க என் கை வெறுங்கையாக நின்றது. அவன் என் அண்ணன். வரட்டுமே என்று எனக்கும்தான் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்கு வந்தது.

வந்தான். நீனிங் மூலையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். தட்டில் பாதிச் சோற்றைப் பக்கத்தில் தள்ளி வைத்தாள். சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் ஒன்றுமில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் குழம்பிப் போனாள். போன வாரம் நாங்கள் தேடிப் போனபோது நீனிங் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்றாள், இடது கையை உயர்த்திக்கொண்டு. அண்ணி ஓடிப் போய் அள்ளி வந்து, பிள்ளையின் காலில் ஒட்டிய மணலைக் கழுவினாள். அப்போது அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை. பொறாமைதான் இருந்தது.

இந்த வருஷத்து சாண்டா ஆட்டோக்கார குலாஸ். அண்ணனின் தோளுக்குத்தான் வருவான். அண்ணன் போட்ட அதே அங்கியின் கைகள் நீண்டு தொங்கின, விரலே தெரியவில்லை. "என்ன குலாஸ், நீ சட்டையைப் போட்டிருக்கியா, சட்டை உன்னைப் போட்டிருக்கா?" என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது.

எங்கள் முறை வந்தது. நீனிங் எங்களோடு மேடையேறி அவன் மடியில் உட்கார்ந்தாள்.

"என்னடா செல்லம் வேணும்?"

அவள் அவன் காதோடு ஏதோ சொன்னாள். குலாஸ் தாடியைக் கீழே இழுத்துவிட்டு அண்ணியைப் பார்த்தான்.

"ஒண்ணும் வேணாமாம், லீசெல். கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவ அப்பா படகுல கூட்டிட்டுப் போறாராம். நீ அழக் கூடாதுன்னு சொல்லச் சொல்றா."

அண்ணி குழந்தையின் முன் மண்டியிட்டாள். "என்னையும் கூட்டிட்டுப் போவாரான்னு கேளு."

நீனிங் இடப்பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள். "உனக்கு இடம் இல்லையாம். சின்னப் படகாம்."

அண்ணி எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "நிம்ஃபா, அந்தப் பக்கம் போய் நில்லு."

எனக்குப் புரிந்துவிட்டது. "பெட்டி இல்லையே, அண்ணி."

"அவர் சட்டை இருக்குல்ல. குலாஸ் அண்ணே, படுங்க."

அண்ணனின் பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் குலாஸும் ஒருவன். மறுபேச்சில்லாமல் மேடைப் பலகையில் மல்லாந்து படுத்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். "சாண்டா தூங்கிட்டாரு!" என்று மைக்கில் கேலி செய்து யாரோ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள்.

அண்ணி அந்தச் சிவப்புக் கழுத்துப்பட்டியை நோக்கிக் குனிந்தாள். "இனி அவகிட்ட வராத, ரோடெல்."

தூக்கி நீட்டினாள். "அப்பா!" என்று பிள்ளை வீறிட்டாள். நான் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அண்ணி விட மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துச் சுர்ரென்று கோபம் ஏறியது. நிமிர்ந்து பார்த்தேன். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து கிடந்தன. நீனிங்கின் இடது கை மட்டும் விறைப்பாக நீண்டிருந்தது.

போடா அண்ணா, விடு என்று மனசுக்குள் அழுதேன்.

சட்டென்று மொத்தக் கனமும் என் மார்பில் வந்து விழுந்தது. இடது கை துவண்டு தொங்கியது. நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை.

"அத்தை, பசிக்குது" என்றாள் நீனிங்.

"அண்ணி, ஜெயிச்சுட்டோம். இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டேன். குலாஸ் எழுந்து அங்கியின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். அண்ணி வரவில்லை. அந்தப் பக்கமே நின்று பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு. அவளுடைய இடது கை உடம்பை விட்டுச் சற்று விலகி, விரல்கள் மடங்கி, காற்றில் நின்றது.