தவறான செயற்கைக்கோள்

டிஷ் கம்பெனியிலிருந்து மாதா மாதம் ஒரு பெண் போன் செய்து என் மனைவியைக் கேட்பாள். டிஷ் இணைப்பு மனைவியின் பெயரில் இருந்தது. "மேடம்கிட்ட பேசலாமா சார்?" மனைவி இறந்த பிறகு முதல் முறை கேட்டபோது, வெளியே போயிருக்கிறாள் என்றேன். அடுத்த முறை இணைப்பையே துண்டிக்கச் சொல்லிவிட்டேன்.

வீட்டில் என்னோடு இருந்தது அத்தை, என் மனைவியின் அம்மா. மாலையில் அவர் பார்க்கும் தொடர் அதோடு நின்றது. மகளுக்கு உடம்பு முடியாமல் போனபோது பார்த்துக்கொள்ள வந்தவர். மகள் போன பிறகும் இருந்தார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் எழுவதற்குள் சமையல் முடிந்திருக்கும். அலுவலகத்திலிருந்து வந்ததும் தட்டு வைப்பார். "உப்பு போதுமா?" "போதும்." பேச்சு அவ்வளவுதான். டிவியும் நின்ற பிறகு குளியலறைக் குழாய் சொட்டுவது கூடம் வரை கேட்டது.

போன வாரம் மச்சான் போன் செய்தார். என் மனைவியின் அண்ணன்.

"ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரேன் மாப்ள. அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடறேன். எத்தனை நாளைக்குத்தான் உங்களுக்குப் பாரமா இருப்பாங்க?"

பாரமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "சரி மச்சான்" என்றேன்.

அத்தையும் போய்விட்டால் அந்த வீட்டில் என் மனைவியைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அத்தை போகக் கூடாது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. டிஷ் வாங்கப் போனேன்.

பழைய டிஷ்களை அடுக்கி வைத்து விற்கிற கடை. கடைக்காரர் ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

"இலவச சேனல் மட்டும்தானே? நல்ல பொழுதுபோக்கு சார். சில பேருக்குப் பைத்தியமே பிடிச்சுடும். வானத்துல எத்தனை செயற்கைக்கோள் இருக்கோ அத்தனையும் பிடிச்சே ஆகணும்னு மொட்டை மாடியிலயே குடியிருப்பாங்க. இதையும் பெட்டியையும் வாங்குறதோட சரி. மாசக் கட்டணம் கிடையாது, அப்புறம் யாரும் போன் பண்ண மாட்டாங்க."

"அதுதான் வேணும்."

"வைக்கிறப்பதான் ரெண்டு பேர் வேணும். மேல ஒருத்தர் திருப்பணும், கீழ ஒருத்தர் டிவியைப் பாத்துக் கத்தணும். டிவியில சிக்னல் காட்ட ரெண்டு கோடு தெரியும். மேல் கோட்டை நம்பாதீங்க, ஒயரைச் சொருகினாலே எகிறும். கீழ் கோடு ஏறினாத்தான் படம். வீட்டுல யாரு இருக்கா?"

"மாமியார்."

"அப்ப கவலையே இல்ல. குரலுக்குப் பஞ்சமிருக்காது."

ஞாயிறு காலை அத்தையின் பை கூடத்தில் கட்டித் தயாராக இருந்தது. மச்சான் வருவதற்குள் படம் வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். தொடர் பார்க்க முடிந்தால் ஒருவேளை இருந்துவிடுவார். அது முட்டாள்தனம் என்று தெரிந்துதான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் வேலை. திசைகாட்டியை வைத்து, கோணம் பார்த்து, டிஷ்ஷைக் கம்பத்தில் மாட்டினேன். அத்தை ஜன்னலுக்கும் டிவிக்கும் நடுவில் நின்றார்.

"ஏறுதா அத்தை?"

"ஏறிடுச்சு! நல்லா ஏறி நிக்குது!"

"எந்தக் கோடு?"

"மேல் கோடு!"

"அது வேணாம். கீழ் கோடு!"

"அது படுத்தே கிடக்குது!"

இம்மி இம்மியாகத் திருப்பினேன். "இப்ப?" "இல்ல!" "இப்ப?" "இல்லன்னா இல்ல!"

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தார். "என்ன தம்பி, வயசானவங்களை இந்த விரட்டு விரட்டுறீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது. "நல்லாக் கேளுங்கம்மா! கழுத்து சுளுக்கிக்கிச்சு இங்க!"

அத்தைக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்பதே மறந்து போயிருந்தது.

கடைசியில், "மாப்பிள்ளை! எழுந்துடுச்சு! கை வைக்காதீங்க!" என்று கத்தினார். திருகாணிகளை முடுக்கிவிட்டுக் கீழே ஓடினேன்.

பெட்டி சேனல்களைத் தேடிப் பட்டியல் போட்டது. ஒரு பெயரைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. அப்போதுதான் உறைத்தது. திசைகாட்டியை இரும்புக் கம்பத்தை ஒட்டிப் பிடித்திருக்கிறேன். முள் கம்பத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

"இது வேற செயற்கைக்கோள் அத்தை. மறுபடியும் திருப்பணும்."

"உக்காருங்க முதல்ல. ஏதோ நாடகம் மாதிரி இருக்கு."

ஒரு சமையலறை. மேசையில் ஒரு வயதான பெண்ணும் ஓர் இளைஞனும். அவள் ஏதோ கேட்டாள். எந்த நாட்டு மொழி என்றுகூடத் தெரியவில்லை.

"'இன்னும் எத்தனை நாளைக்கு இதே சட்டையைப் போடுவே?'ங்கிறா," என்றார் அத்தை.

நான் என் சட்டையைப் பார்த்தேன். திரையில் அவன் முனகினான்.

"'துவைச்சுத்தான் போடுறேன்'ங்கிறான்," என்றேன்.

"துவைச்ச லட்சணம்தான் தெரியுதே!" அத்தை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. என் மனைவி போன பிறகு அந்தக் கூடத்தில் யாரும் சிரித்திருக்கவில்லை. இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டோம்.

அவன் மேசையில் கை ஊன்றி ஏதோ சொன்னான். அத்தை என்னைப் பார்த்தார். இது என் முறை.

"'போகாதீங்க'ங்கிறான்," என்றேன்.

கிழவி நெடுநேரம் பேசினாள். அத்தை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். திரையில் அவள் பேசி முடித்து எழுந்த பிறகுதான் சொன்னார்.

"'எந்தப் பக்கம் திரும்பினாலும் எம் பொண்ணு படுத்திருந்த கட்டில்தான் தெரியுது. என்னால முடியலப்பா. உன்னால எப்படி முடியுதுன்னும் தெரியல'ங்கிறா."

அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"'சரி'ங்கிறான்," என்றேன்.

வாசலில் ஹாரன் கேட்டது. மச்சான் உள்ளே வந்து திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பாஷை மாப்ள இது?"

"தெரியல மச்சான்."

"தெரியாமலா ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

அத்தை தன் பையைத் தானே தூக்கிக்கொண்டார். செருப்பைப் போடும்போது, "அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன்," என்றார். கார் தெருமுனை திரும்பும் வரை நின்றேன். பிறகு கட்டிலைக் கழற்றி வைத்துவிடலாமா என்று யோசித்தேன். கழற்றவில்லை.

மறுநாள் மாலை டிவியைப் போட்டபோது அதே சமையலறை வந்தது. அத்தைக்குப் போன் செய்தேன்.

"அந்தத் தொடர் ஓடுது அத்தை."

"அப்படியா? அவ இருக்காளா?"

"இல்ல. அவன் மட்டும்தான்."

அந்தப் பக்கம் குழந்தைகளின் சத்தம் கேட்டது. அத்தை யாரையோ சும்மா இருக்கச் சொன்னார்.

"சாப்பிட்டானா?"

திரையில் அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"அதைக் காட்டல அத்தை."

"காட்டுறாங்களான்னு பாருங்க."

இருவரும் போனை வைக்கவில்லை. அவருக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன்.