லெஃப்ட் ஃபீல்டில் பாதி ஆள்

நவம்பர் மூன்றாவது வாரம் பிறந்ததிலிருந்து டாரல் ஹேவர்ட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. விழாத பனியை உருக்க வாசலில் இரண்டு முறை உப்புத் தூவினான். கராஜில் இருந்த ஏணியை இடம் மாற்றி வைத்தான்; மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். மான் வேட்டைக்குப் போகலாம் என்று மச்சினன் கூப்பிட்டபோது, காட்டுக்குள் போன் எடுக்காது என்று மறுத்துவிட்டான்.

"வீட்டுக்குள்ளயும் எடுக்காம இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்," என்றாள் மனைவி ஜோலின். வெள்ளிக்கிழமை மதியம் அவளே அவனை வெளியே துரத்தினாள். "போய் முடியாவது வெட்டிட்டு வா. அடுப்பு முன்னாடி குறுக்க நெடுக்க நடக்காத."

லூயிவில் ரிவர்மென் பேஸ்பால் அணியில் நான்கு வருடமாக அவன் பாதி ஆள். எதிரணி பந்து வீச இடதுகை பிட்சரை இறக்கினால், மைதானத்தின் இடது ஓரமான லெஃப்ட் ஃபீல்டில் டாரல். வலதுகை பிட்சரை இறக்கினால் எலிசியோ பெகேரோ. டாரல் வலதுகைக்காரன், எலிசியோ இடதுகைக்காரன். எதிர்க்கையிலிருந்து வரும் பந்துதான் இருவர் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். ஒருவன் ஆடும்போது மற்றவன் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருப்பான். ரசிகர்கள் இரண்டு பெயரையும் ஒட்டவைத்து 'ஹேவரோ' என்றார்கள். ஹேவரோ மொத்தமாக வருடத்துக்கு இருபத்தெட்டு முறை பந்தை வேலிக்கு வெளியே ஹோம் ரன் அடித்தான். அதில் டாரலுடையது ஒன்பது. அடுத்த வருடத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்று அணி முடிவு செய்யும் நாள் அந்த வெள்ளிக்கிழமைதான்.

வெர்னின் முடிதிருத்தும் கடை ஓஹையோ ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. உள்ளே வெர்னைத் தவிர இரண்டு பேர். படகு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஃபிளாய்ட், முடி வெட்ட வந்தவரல்ல. அவர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பக்கத்து உணவுக்கடைக்காரி பெர்னிஸ், மதியக் கூட்டம் ஓய்ந்ததும் மாவு ஒட்டிய ஏப்ரனோடு அணிக் கணக்குப் பேச இங்கே வந்துவிடுவாள். டாரல் நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சு நிற்கும் என்று எதிர்பார்த்தான். நிற்கவில்லை.

"தலையை ஆட்டாத டாரல்," என்றார் வெர்ன். "உன்னை வித்துட்டிருக்கோம்."

"எவ்வளவுக்கு?"

"ஒரு பழைய கேட்சரும் ரெண்டு மூட்டை உருளைக்கிழங்கும் கேக்கறோம்," என்றார் ஃபிளாய்ட். "எதிராளி ஒரு மூட்டைக்கு மேல ஏற மாட்டேங்கறான்."

பெர்னிஸ் சிரிக்கவில்லை. அவளுக்கு அணி விவகாரம் விளையாட்டு இல்லை. "நான் சொல்றதக் கேளுங்க. மொத்தம் இருபத்தாறு பேர். அதுல பதிமூணு பிட்சர் போயிடுச்சு. தினம் பேட் பிடிக்கறவன் ஒன்பது. மிச்சம் நாலு இடம். ஒண்ணு ரெண்டாவது கேட்சருக்கு. ஒண்ணு உள்களத்துல யாராவது விழுந்தா நிக்கறதுக்கு. போன மாசம் வாங்கினானுங்களே ஒரு ஓட்டக்காரன், அவனுக்கு ஒண்ணு. அப்புறம் முதல் பேஸுக்கு மாத்து ஆள் வேணும். எங்க இருக்கு இடம்? ஒரு நாற்காலியில ரெண்டு பேரை எப்படி உக்காத்தி வைப்ப?"

"ரெண்டு பேரும் சேந்தா ஒரு நல்ல ஆட்டக்காரன், பெர்னிஸ்," என்றார் வெர்ன். "தனித்தனியா ஒண்ணும் தேற மாட்டானுங்க. மன்னிச்சுக்க டாரல்."

"பரவால்ல."

"அப்ப ஒருத்தனைத்தான் வெக்கணும்னா?" என்று கேட்டார் ஃபிளாய்ட்.

பெர்னிஸ் டாரலைக் கண்ணாடியில் பார்த்தாள். "கோவிச்சுக்காத கண்ணு. மூணு பிட்சர் வந்தா ரெண்டு பேர் வலதுகைக்காரன். எலிசியோவுக்கு ரெண்டு நாள் வேலை, உனக்கு ஒரு நாள். அவனுக்கு முப்பது வயசு, உனக்கு முப்பத்தி நாலு. நான் வேற என்ன சொல்லட்டும்?"

"இவன் நம்ம ஊர்க்காரன்!" என்று கத்தினார் ஃபிளாய்ட்.

"நம்ம ஊர்க்காரங்கறதுக்காக என் கடை சூப்பை நீ குடிக்கறியா? நல்லாருக்குன்னுதான குடிக்கற?"

அப்போது டாரலின் போன் அடித்தது. அணி மேலாளர் லூ டெம்ப்சி. கழுத்தில் கட்டிய துணியோடு, வலப்பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு அவன் தெருவுக்கு வந்தான்.

"அஞ்சு மணிக்குள்ள அடுத்த வருஷப் பட்டியல் கொடுக்கணும்," என்றார் லூ. சுற்றி வளைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "ரெண்டு பேரையும் வெச்சுக்கலாம்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்திப் பாத்துட்டேன். ஒருத்தன்தான்னுட்டாங்க. எலிசியோ பேரைச் சொல்லலாம்னு இருக்கேன். உங்கிட்ட மறைக்க எனக்குப் பிடிக்கல."

"புரியுது," என்றான் டாரல். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

"ஒரே ஒரு விஷயம் உறுத்துது. செப்டம்பர்ல அவன் உடம்பை ஒட்டி உள்பக்கம் வந்த பந்தையெல்லாம் தொடாம விட்டான். எப்பவும் வெளுத்து வாங்கற பந்து. அவங்க ஊர்க் குளிர்கால ஆட்டத்துக்கும் இந்த வருஷம் இறங்கலையாம். கேட்டா குழந்தை பிறந்திருக்குங்கறான். நீ அவன் பக்கத்துலயே உக்காந்திருக்கற ஆள். அவனுக்கு உடம்புல ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் எலிசியோ சாமான் அறைக்கு அவனை இழுத்துப்போய் இடது மணிக்கட்டைக் காட்டினான். உருண்டையாக வீங்கியிருந்தது. "லூவுக்குத் தெரிஞ்சா உக்கார வெச்சுருவாரு. உங்கம்மா மேல சத்தியம் பண்ணு பெருசு." டாரல் சத்தியம் செய்தான். அன்றிலிருந்து சீசன் முடியும்வரை அந்தக் கைக்குத் தினமும் பிளாஸ்திரி சுற்றியது அவன்தான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தான். வரவில்லை. கரி லாரி ஒன்று தெருவை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போன பிறகும் அவன் பேசவில்லை.

"டாரல்?... சரி," என்றார் லூ. "அப்புறம் பேசறேன்." போன் அடங்கியது.

அவன் கடைக்குள் போய்த் துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினான்.

ஜோலின் அவன் தலையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"நீ சொல்லலையே?"

"சொல்லல. இல்லைன்னும் சொல்லல. பேசாம நின்னேன். அதுக்கு என்ன அர்த்தம்னு லூவுக்குத் தெரியாதா?"

"ஏன் பேசாம நின்ன? பொய் சொல்ல வாய் வரலையா, இல்ல..." அவள் முடிக்கவில்லை.

"அதுதான் எனக்கும் தெரியல, ஜோ." அவன் ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான். "அவன் பேர் இருந்த இடத்துல என் பேரு வரும்னு ஒரு செகண்டு நெனச்சேன். அது மட்டும் தெரியுது."

எலிசியோவுக்கு ஆறு முறை போன் செய்தான். எடுக்கவில்லை. மணி இரண்டேகால், இரண்டரை, மூன்று. ஜோலின் வைத்த பீன்ஸ்-இறைச்சிச் சில்லி தட்டில் ஆறிப்போனது. மூன்றேகாலுக்கு எலிசியோவே கூப்பிட்டான். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"என்ன பெருசு, வீடு பத்தி எரியுதா? ஆறு தடவை கூப்பிட்டிருக்க!"

டாரல் நடந்ததைச் சொன்னான். எலிசியோ ஸ்பானிஷில் நீளமாகத் திட்டினான். நான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்ததில் டாரலுக்கு அதில் முக்கால்வாசி புரிந்தது.

"ஒரு 'நோ' சொல்றதுக்கு என்னடா உனக்கு? மூணு எழுத்துகூட இல்ல!"

"தெரியும்."

"நான் சம்பாதிச்ச இடம் அது."

"தெரியும்டா."

எலிசியோ மூச்சு வாங்கினான். குழந்தையை யாரிடமோ கொடுப்பது கேட்டது. "அக்டோபர்ல ஆபரேஷன் பண்ணிட்டேன். பிப்ரவரியில பேட் பிடிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ லூகிட்ட முழுசா சொல்லிடு. அரைகுறையா தெரிஞ்சா ஆளு என்னென்னமோ கற்பனை பண்ணுவாரு."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா நம்புவாரா? நாளைக்கு நல்லாயிரும்னு சொல்லாத ஆட்டக்காரன் எவன்? நீ சொன்னா நம்புவாரு. உனக்கு அதுல லாபம் இல்லைல்ல."

டாரல் லூவைக் கூப்பிட்டான். நடந்துகொண்டே பேசினான், சமையலறையிலிருந்து கராஜ், கராஜிலிருந்து வாசல். மணிக்கட்டு, ஆபரேஷன், பிப்ரவரி எல்லாவற்றையும் சொன்னான். பிறகு பெர்னிஸின் கணக்கை எடுத்துக் கடகடவென்று அடுக்கினான். மூன்றில் இரண்டு பிட்சர் வலதுகை. அவனுக்கு முப்பது, எனக்கு முப்பத்தி நாலு. வீங்கின கையோடவே செப்டம்பர்ல என்னைவிட அதிகமா பேஸ் ஏறியிருக்கான். என் முட்டி ஆகஸ்டுக்கு மேல தாங்கறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

"உன்னை வெளிய அனுப்பச் சொல்லி நீயே வாதாடறியா?"

"ஆமா."

"சரி. சொல்லிப் பாக்கறேன்," என்றார் லூ.

டாரல் வாசற்படியில் உட்கார்ந்தான், எழுந்தான். வந்திருந்த தபால்களைப் பிரிக்காமல் புரட்டினான். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது.

"நீதான்," என்றார் லூ. "நீ சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன். ஆபரேஷன்னு காதுல விழுந்ததும் மேல இருக்கறவங்க பேனாவ மூடிட்டாங்க. ரிப்பேர் ஆன மணிக்கட்டை நம்பி ஒரு இடத்தைக் கொடுக்க முடியாதாம்."

"நான் மதியம் பேசாம நின்னேனே, அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"எப்ப? லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. லைன் போயிடுச்சுன்னு நெனச்சேன். எலிசியோ பேரை எழுதி வெச்சுட்டேன், நீ திரும்பக் கூப்பிடறவரைக்கும்."

டாரல் சுவரில் சாய்ந்தான். ஜோலின் பக்கத்தில் வந்து நின்றாள். வேலை தங்கிவிட்டது.

எலிசியோவிடம் அவனே சொன்னான். லாரியையும் மறைக்கவில்லை. "சொல்லச் சொன்னது நான்தான்," என்றான் எலிசியோ. "உன் மேல கோவம் இருக்கு. என் மேலயும் இருக்கு. எது ஜாஸ்தின்னு இன்னும் தெரியல. கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாத பெருசு."

டாரல் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸ் போனது. மேற்குக் கரை அணி ஒன்று எலிசியோவைச் சோதனை ஒப்பந்தத்தில், அதுவும் கீழ்நிலை அணிக்கு, எடுத்திருப்பதாக ஜனவரியில் ஃபிளாய்ட் சொல்லித்தான் தெரிந்தது. பெர்னிஸ் அந்த அணியின் பட்டியலையும் விரல்விட்டு எண்ணி, இரண்டு பேர் கால் உடைந்தால்தான் அவனுக்கு வழி என்றாள். புளோரிடாப் பயிற்சி முகாமில் முதல் பேஸுக்கு மாற்றாக வந்த இடதுகைக்காரன் ஒருவனை டாரலின் பக்கத்து லாக்கரில் போட்டார்கள். லெஃப்ட் ஃபீல்டிலும் நிற்பானாம். நல்லவன், நிறையப் பேசுவான். டாரல் தலையாட்டிக்கொண்டே அவன் மணிக்கட்டைப் பார்ப்பான்.

மே மாதம் இரண்டாவது வாரம், சின்சினாட்டியில் ஆட்டத்துக்கு முன் ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பெருசு," என்றது குரல். "மேல கூப்பிட்டுட்டாங்க. பத்து நாளாச்சு. தினம் ஆடறேன்."

டாரல் நாடாவைப் பாதியில் விட்டான். "தினமுமா? இடதுகை பிட்சர் வந்தாலும்?"

"வேற ஆள் இல்லையே. ரெண்டு பேருக்குக் கால் போச்சு."

"இடதுகைக்காரங்ககிட்ட எத்தனை ஹிட்?"

"பத்தொன்பது தடவை பேட் பிடிச்சதுக்கு ஒண்ணு."

டாரல் சிரித்தான். மறுபுறம் அவனும் சிரித்தான். ஆனால் சட்டென்று நிறுத்தினான்.

"சிரிக்காத. அந்தப் பந்தை நீ எப்படிடா பாப்ப? எனக்கு முதுகுக்குப் பின்னாலருந்து வர்ற மாதிரி இருக்கு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். வேற எதுக்கும் இல்ல."

ஆட்டத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அன்றைக்கு எதிரணியில் வலதுகை பிட்சர். டாரலுக்கு வேலை இல்லை. பெஞ்சின் மூலைக்குப் போய் உட்கார்ந்து, வலது காலை எங்கே வைக்க வேண்டும் என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினான். பிறகு இடதுகைக்காரனுக்கு அது தலைகீழ் என்று நினைவு வந்து, எழுந்து நின்று, காற்றில் பேட் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னான்.