ஆசிய இழுப்பறை

அந்தக் கடற்கரை நகரத்தில், காலைப் பத்திரிகையில் எந்த முகத்தின் கீழ் எந்தப் பெயர் அச்சாகிறதோ, அதுதான் அந்த முகத்தின் பெயர். அடுத்த முறை அச்சாகும் வரை அதை யாராலும் மாற்ற முடியாது. விளையாட்டரங்கத்தின் வாசலில் நின்ற காவலர்கள் அடையாள அட்டையைக் கேட்பதில்லை. மடித்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர் முகத்தை ஒரு முறை, தாளை ஒரு முறை பார்ப்பார்கள். பெயரோடு கட்டில், சாப்பாடு, பேச்சு, வீட்டார், ஊருக்குத் திரும்பும் விமானச் சீட்டு எல்லாம் போய்விடும். உடம்பும் அதன் பழக்கமும் மட்டும் அவரவரிடமே இருக்கும்.

பெரும்பாலோருக்கு இதனால் தொந்தரவு இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் இழுப்பறை இருந்தது. சில நாடுகளுக்கு இரண்டு இருந்தன. ஆசியா முழுவதுக்கும் சேர்த்து ஒன்று. பக்கம் கட்டுகிறவர் அதைத் திறந்து, மேலே எந்தப் படம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார்.

திசையன்விளையிலிருந்து மும்முறைத் தாண்டுதலுக்காக அங்கே போயிருந்த இசக்கியம்மாள், புதன்கிழமை தகுதிச் சுற்றில் நன்றாகத் தாண்டினாள். இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை விமானம். நாலு வயது மகள் செல்வரதிக்கு ஒரு குடை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. வெளியே மங்கோலியாவின் வில்வித்தைக்காரி ஒயூன், தன் பெட்டியோடு நின்றாள்.

"கதவத் தெறக்க இம்புட்டு நேரமாட்டி?" என்றாள் ஒயூன். "நகரு. பெட்டிய வைக்கணும்."

பத்திரிகையில் ஒயூனின் முகத்தின் கீழ் 'இந்தியாவின் இசக்கியம்மாள்' என்றும், இசக்கியின் முகத்தின் கீழ் 'மங்கோலியாவின் ஒயூன்' என்றும் இருந்தது. இசக்கி தன் பெட்டியைக் கட்டில் அடியிலிருந்து எடுத்து, அதில் இருந்த குடையை ஒயூனிடம் கொடுத்தாள். குடை இசக்கியின் மகளுக்கு வாங்கியது. ஆகவே அது இசக்கியிடம்தான் இருக்க வேண்டும்.

பயிற்சியாளர் ஞானதிரவியம் உள்ளே வந்தார். நெடுநெடுவென்று உயரம், வெள்ளை உடுப்பு, சிவப்புத் தொப்பி, கழுத்தில் விசில். பத்திரிகையைப் பார்த்தார். ஒயூனைப் பார்த்தார்.

"கிளம்பு இசக்கி. வெயில் ஏறுததுக்கு முன்ன நாலு தாண்டு தாண்டிருவோம்" என்றார்.

"முழங்கால் நோவுது சார்" என்றாள் ஒயூன்.

"நேத்து நோவலையே?"

"நேத்து வேற முழங்கால் சார்."

அவர் அதை ஒப்புக்கொண்டார்.

இசக்கி வில் மைதானத்துக்குப் போனாள். அன்று வரிசை குறிக்கும் சுற்று. அவள் விட்ட முதல் அம்பு பக்கத்து இலக்கில் பட்டது. இரண்டாவது கைதவறிக் காலடியில் விழுந்தது. ஒலிபெருக்கியில் வர்ணனையாளர், "முகத்தைப் பாருங்கள், எதுவும் தெரியாது. இந்த ஆசியர்களுக்குப் பதற்றமே கிடையாது. முடுக்கிவிட்ட இயந்திரம் போல" என்றார். இசக்கி மூன்றாவது அம்பைத் தலைகீழாக நாணில் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசி இடத்தில் முடித்தாள். "எத்தனை துல்லியம்" என்றார் வர்ணனையாளர்.

சாயங்காலம் வீட்டுக்குத் தொலைபேசினாள். கணவன் சுயம்புலிங்கம் எடுத்தான். அவள் 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது மங்கோலியப் பேச்சு. மறுமுனையில் அவன், "யாரோ வெளியூர் அம்மா பேசுதாவ பிள்ளே, நம்பர் மாறிட்டு போல" என்று மகளிடம் சொல்வதும், செல்வரதி "அம்மாதான் இப்பப் பேசிட்டு வச்சாளே" என்பதும் அவள் காதில் விழுந்தது. பிறகு அவன் மரியாதையாக வைத்துவிட்டான்.

அப்போதுதான் இசக்கி திங்கட்கிழமையைப் பற்றி நினைத்தாள். அன்று வரை பெயர் திரும்பாவிட்டால், திசையன்விளைக்கு ஒயூன் போவாள். இவள் ஒரு புல்வெளிக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே ஒயூனுக்கு ஒரு மாமனாரும் பதினோரு குதிரைகளும் இருந்தார்கள்.

அவள் நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். விளையாட்டுப் பக்கத்தின் ஆசிரியர் பெயர் ஹார்வெல். ரோஜா நிறக் கன்னமும் மீசையும் கொண்ட அவர் எழுந்து நின்று வரவேற்றார். தினமும் 'ஹார்வெல் பார்வை' என்ற பத்தியைத் தம் படத்தோடு எழுதுகிறவர் அவர்தான். அவருடைய ஒரே ஒரு படத்துக்கு, மேசையோரத்தில் தனியாக ஒரு சின்ன இழுப்பறை உண்டு.

"தவறு நடந்துவிட்டது" என்றாள் இசக்கி.

"வருந்துகிறேன், மிஸ் ஒயூன். நாளைக்கே திருத்தம் வரும். உங்களில் யார் முகம் தவறாக வந்தது?"

"என் முகம்."

"அப்படியா" என்று அவளை அன்போடு பார்த்தார். அவர் பார்வை அவள் நெற்றிக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. "எனக்கு ஆசியா மேல் நிரம்பப் பிரியம். பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்."

வெள்ளிக்கிழமை திருத்தம் வந்தது. பத்திரிகை மனமார வருந்தியது. திருத்தத்துக்கும் படம் வேண்டும்; படம் இழுப்பறையிலிருந்துதான் வரும். இந்த முறை இசக்கியம்மாள் என்ற பெயருக்கு மேலே, கொரியாவின் ஜூடோ வீரர் பார்க் இருந்தார். ஒயூனின் படம் பார்க்கின் பெயருக்குப் போயிருந்தது. இசக்கி மாறவில்லை, இன்னும் ஒயூன்தான்.

பார்க் தலையைக் குனிந்து இசக்கியின் அறைக் கதவுக்குள் நுழைந்தார். கட்டில் அவர் கனத்துக்கு ஒரு முனகல் முனகியது.

"சார், நான் இசக்கி வந்துருக்கேன்" என்றார்.

ஞானதிரவியம் அவரைத் தலை முதல் கால் வரை அளந்தார். "உடம்பு கொஞ்சம் போட்டுட்டியேட்டி. ரெண்டு நாள் சோத்தக் குறைக்கணும்."

"சரி சார்."

குடை ஒயூனிடமிருந்து பார்க்கின் கைக்குப் போனது. ஒயூன் ஜூடோ அங்கியின் கையை நாலு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு புறப்பட்டாள். போகும்போது, வாசலில் நின்ற இசக்கியின் காதருகே குனிந்து, "என் குதிரைகளில் ஒரு சாம்பல் நிறக் குதிரை கடிக்கும். நீ போக நேர்ந்தால் இடது பக்கமாக நெருங்கு" என்றாள். அதைச் சொன்னபோது அவள் உதடு நடுங்கியது. இசக்கி அதைப் பார்த்தாள். அன்று 'ஹார்வெல் பார்வை'யில், ஆசிய வீரர்களின் முகத்தில் எதையும் படிக்க முடியாது என்று எழுதியிருந்தது.

பிற்பகலில் இசக்கி மறுபடி அலுவலகத்துக்குப் போனாள். ஹார்வெல் மறுபடி எழுந்து நின்றார்; மறுபடி வருந்தி, இசக்கியம்மாளுக்கு நாளைக்கும் திருத்தம் போடுவதாகச் சொன்னார்; பிஸ்கட் டப்பாவை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்தது.

இசக்கி தன் சட்டைப் பையிலிருந்து தன் படத்தை எடுத்தாள். சின்ன இழுப்பறையைத் திறந்து, அங்கிருந்த ஹார்வெலின் படத்தை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். ஹார்வெலின் படத்தை ஆசிய இழுப்பறையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். இரண்டையும் ஓசைப்படாமல் மூடினாள். பிறகு உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள். ஏலக்காய் போட்டது, நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஹார்வெல் ஒரு பெட்டியோடு இசக்கியின் அறை வாசலில் நின்றார்.

"சார், எந்திரிச்சிட்டியளா? இசக்கிதான்" என்றார்.

"எங்கட்டி போன? நாளைக்கு ஃபைனலு. கெளம்பு கெளம்பு" என்றார் ஞானதிரவியம்.

பார்க் ஹார்வெலிடம் குடையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அன்றைக்கு அவருக்குப் பெயர் எதுவும் மிஞ்சவில்லை. ஜன்னலோரம் படுத்து நிம்மதியாகத் தூங்கினார்.

மணல் குழியருகே பயிற்சி மதியம் வரை நடந்தது. ஹார்வெல் ஓடினார், தத்தினார், விழுந்தார். "முழங்காலத் தூக்குட்டி. கோழி வேலி தாண்டுத மாதிரி தாண்டாத" என்று ஞானதிரவியம் விசிலை ஊதினார். வேலியோரத்தில் நின்ற வர்ணனையாளர் ஒலிவாங்கியில், "இவர்கள் களைப்பதே இல்லை" என்றார். ஹார்வெல் மணலில் மல்லாந்து கிடந்தபடி, "எளைக்குது அண்ணாச்சி" என்றார். அந்தப் பேச்சு வர்ணனையாளருக்குப் புரியவில்லை. "எப்போதும் அடக்கம்" என்று சேர்த்துக்கொண்டார்.

அதே காலையில் பத்திரிகை அலுவலகத்துக்குள் இசக்கி நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று, "காலை வணக்கம், மிஸ்டர் ஹார்வெல்" என்றார்கள். இசக்கி வணக்கம் சொல்லி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. ஆசிய இழுப்பறையை முழுசாக உருவி எடுத்து, இடுப்பில் குடம் வைத்ததுபோல் வைத்துக்கொண்டு, விளையாட்டு வீரர்களின் உணவுக்கூடத்துக்கு நடந்தாள்.

நீள மேசையின் மேல் படங்களைக் கொட்டினாள். "அவரவர் முகத்தை எடுத்து, பின்னால் பெயரை எழுதுங்கள்" என்றாள். எல்லோரும் சூப்பை நகர்த்தி வைத்துவிட்டுத் தேடினார்கள். அவரவர் படத்தை அவரவர் ஒரே பார்வையில் எடுத்தார்கள். பாகிஸ்தான் ஓட்டக்காரர் ஒருவர், தம் படத்தைக் கண்டதும் அதைச் சட்டையில் துடைத்தார். நேபாளத்துப் பெண்ணொருத்தி, போன திங்கட்கிழமையிலிருந்து தான் ஜப்பானின் தொடரோட்ட அணியில் நாலு பேராகவும் இருப்பதாகச் சொல்லி, அப்பாடா என்று காலை நீட்டிக்கொண்டாள். பார்க் தூங்கியெழுந்து வந்து எழுதினார். ஒயூன் தன் பெயரை எழுதிவிட்டு அதன் கீழே கோடும் போட்டாள்.

கடைசியில் யாருடையதும் அல்லாத ஒரு படம் மிஞ்சியது. அது ஒரு காகித விசிறி. முந்தின வாரம் அது வியட்நாமின் நீச்சல்காரராக இருந்தது. அரையிறுதி வரை போயிருந்தது. அதன் பின்னால் இசக்கி 'விசிறி' என்று எழுதினாள்.

திரும்பி வந்து ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் தானே கட்டினாள். 'ஹார்வெல் பார்வை'க்கு அரைப் பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது. மும்முறைத் தாண்டுதலில் முதலில் எந்தக் கால் ஊன்றுகிறதோ அதே காலில்தான் இரண்டாவதும் ஊன்ற வேண்டும், மூன்றாவதற்குத்தான் கால் மாறும், ஓடி வரும்போது கோடு மிதிபடுமோ என்று ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கும் என்று எழுதினாள். பத்தியின் மேலே யார் படத்தை வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். நாற்காலி மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் அங்கிருந்து திசையன்விளைக்கு விமானச் சீட்டு கிடையாது. ஹார்வெலின் படத்தை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பத்திரிகையை விரித்தாள். அவள் முகம் இருந்தது. அதன் கீழே அவள் பெயர் இருந்தது. "இசக்கியம்மாள்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், தமிழில்தான் வந்தது. கதவின் கைப்பிடியில் குடை தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் தொலைபேசினாள்.

"ஏட்டி, சளி கிளி பிடிச்சிருந்ததா? ரெண்டு மூணு நாளாக் குரலே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றான் சுயம்புலிங்கம்.

"இப்பச் சரியாப் போச்சு."

"நேத்து வீடியோவுல பாத்துட்டுப் பிள்ளை சொல்லுது, அம்மா மீசை வச்சிருக்கான்னு."

"நீங்க என்ன சொன்னிய?"

"வெளிநாட்டுத் தண்ணி அப்பிடின்னேன்."

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

இறுதிப் போட்டியில் நான்காவது இடம். மூன்றாவதுக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது ஒரு சுண்டுவிரல் நீளம். மணலை உதறிக்கொண்டு எழுந்தபோது, நாலாவது இடத்தை நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டாள். அது முழுக்க அவளுடையதாக இருந்தது. வர்ணனையாளர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "இவர் பதற்றமாக இருக்கிறார், நன்றாகவே தெரிகிறது" என்றார். ஒயூன், இசக்கி வாங்கிக்கொடுத்த கடைசி இடத்திலிருந்து தொடங்கி, வரிசையில் முதலிடத்தில் இருந்தவளை வென்றுவிட்டாள் என்று பிற்பகலில் தெரிந்தது. ஹார்வெல் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அவருக்கு முழங்கால்கள் இரண்டும் நோவதாகவும், தத்தலில் கொஞ்சம் முன்னேற்றம் இருந்ததாகவும் ஞானதிரவியம் சொன்னார். "இன்னும் ஒரு வாரம் குடுத்திருந்தா உருப்படியாக்கிருப்பேன். நல்ல பிள்ள."

அப்போதுதான் இசக்கிக்கு ஒன்று உறைத்தது. சனிக்கிழமை எல்லோரும் பெயர் எழுதியபோது ஞானதிரவியம் சார் மணல் குழியருகே ஹார்வெலோடு இருந்தார். அவரிடம் பெயர் எழுதி வாங்கவில்லை.

திங்கட்கிழமைப் பத்திரிகை விருந்தாளிகளுக்கு நன்றி சொல்லி, பயிற்சியாளர்களின் படங்களையும் நகரத்தின் அழகிய இடங்களின் படங்களையும் ஒரே பக்கத்தில் வெளியிட்டிருந்தது.

விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் ஞானதிரவியம் துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் பேசினார். "காத்து நல்லா அடிக்குதுட்டி. காலைலருந்து ரெண்டு கப்பல் வந்துச்சு. ரெண்டுக்கும் விசிலடிச்சு ஒழுங்கா வழிகாட்டிட்டேன். புதன்கிழமை திருத்தம் போடுதாங்களாம். நீ போய்ப் பிள்ளையைப் பாரு."

விமான நிலைய வாசலில் காவலர் இசக்கியின் முகத்தை ஒரு முறை, தாளை ஒரு முறை பார்த்து உள்ளே விட்டார். அவளுக்குப் பின்னால், வெள்ளை உடம்பும் சிவப்புத் தலையுமாக நகரத்தின் கலங்கரை விளக்கம் சாரின் பெட்டியோடு வரிசையில் நின்றது. அதையும் விட்டார்கள்.

விமானத்தில் அதற்கு ஜன்னலோர இருக்கை. அது கொஞ்சம் வளைந்து உட்கார்ந்து, அவள் பக்கம் திரும்பியது.

"பெல்ட்டப் போட்டியாட்டி?" என்றது.

"போட்டுட்டேன் சார்" என்றாள் இசக்கி. குடையை மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. வெளிச்சம் தன் பக்கம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, அவள் ஊர் வரை தூங்கினாள்.