அம்மனுக்கு விட்ட கிடா

எல்லம்மாளுக்குக் கோபம் வந்து கத்தினால் எளாவூர் ஸ்டேஷனில் ரயில் தானாக நிற்கும். அன்று காலை கத்தியதில் ரயில் பின்பக்கமாகவே ஓடியிருக்கும்.

பட்டியில் இன்னொரு ஆடு செத்துக் கிடந்தது. மிச்சமிருந்தவை முன்னங்காலை அகட்டி, கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திண்டாடின. அதில் ஒன்று நிறைசினை. புருஷன் இல்லாதவளுக்கு இந்தப் பட்டிதான் சோறு. மிச்சமிருந்த மேய்ச்சல் நிலத்தையும் வளைத்துத் தொழிற்பேட்டையை நீட்டிக் கம்பிவேலி போட்ட வருஷம் அது. ஆடுகள் நாளெல்லாம் பட்டிக்குள்ளேயே ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன.

"இன்னாய்யா ஊசி போட்டே? பச்சத்தண்ணியா?" கம்பவுண்டர் கோபாலை மடக்கினாள்.

"பென்சிலின்மா! பொணத்துக்குப் போட்டாக்கூட எழுந்து உக்காரும்."

"அதோ கெடக்குது பாரு, போடு. எழுந்து உக்காந்தா உனக்கு மாலை போடறேன்."

கோபால் மிதித்த மிதியில் சைக்கிள் பக்கத்து எல்லையைத் தாண்டி ஆந்திராவுக்குள் போய்த்தான் நின்றது.

மத்தியானம் மாட்டு டாக்டர் வீரராகவன் வந்து செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தார். நுரையீரல் ஒரு பக்கம் ஈரல் மாதிரி கெட்டிப்பட்டு விலாவோடு ஒட்டியிருந்தது.

"மைக்கோபிளாஸ்மான்னு ஒரு கிருமி. மத்த கிருமிக்குச் சுத்திலும் சுவர் இருக்கும். பென்சிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாம பண்ணித்தான் கொல்லும். இதுக்குச் சுவரே கிடையாதும்மா."

"இல்லாத சொவத்துக்கா அந்தாளு அத்தினி ஊசி குத்துனான்? சரி, ஆட்டு ஒடம்பு இன்னாத்துக்கு அத்த வுட்டு வெக்கிது?"

"அது ஆட்டோட கொழுப்பையே எடுத்துத் தன் தோல்ல பூசிக்கும். காவலுக்கு வர்ற ரத்த அணுக்கள் நம்ம வீட்டு ஆளுன்னு விட்டுடுதோ என்னவோ! பார்க்கத் தெம்பா இருக்கிற ஆடுகூட உள்ளே வெச்சுக்கிட்டு இருமியே பரப்பும்." சுவரைத் தேடாமல் கிருமியையே அமுக்கும் டெட்ராசைக்ளின் ஊசி போட்டார். "புதுசா ஏதாவது ஆடு உள்ளே வந்ததா? அதை ஒதுக்கலைன்னா இந்த ஊசியும் வீண்."

வந்தது. ஊர்ப் பெரியதனக்காரர் அருணகிரி ஆடிக்கூழுக்கென்று அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டக்கூடாது, விரட்டக்கூடாது. யார் பட்டிக்குள் நுழைந்தாலும் அம்மனே வந்ததாகக் கும்பிட வேண்டும். எல்லம்மாளும் கும்பிட்டாள். தவிட்டுத்தண்ணி காட்டினாள். தன் ஆடுகளுக்கு நடுவே படுக்கவிட்டாள். அது விடிய விடிய இருமியபோது, அம்மன் கனைக்கிறாள் என்று கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள்! இப்போது அதே கன்னத்தில் ஓங்கி அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கயிற்றை எடுத்தாள். கிடாவைக் கொம்போடு கட்டி அருணகிரி வாசலுக்கு இழுத்துப் போனாள். ஊரே பின்னால் ஓடியது. சாயங்கால ஷிஃப்டுக்கு ஃபாக்டரிக்குப் புறப்பட்டவர்கள் சங்கு ஊதியதையும் மறந்து ஓடினார்கள்.

"ஏ எல்லம்மா! சாமி கிடாவுக்குக் கயிறா? கண்ணு அவிஞ்சிடும்!" என்றார் அருணகிரி.

"அவியட்டும் மாமா. உன் கிடாதானே, இந்தா, உன் பட்டியிலயே வுடு."

அருணகிரியின் கை நீளவில்லை. "அது... ஊரு பொதுவுல மேயறது..."

உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி கனகாம்பாள் அலறினாள்: "உள்ள வுட்றாதய்யா! அது இருமுதுன்னுதானே நாம பட்டிப் படலைச் சாத்தினு கீறோம்!"

எல்லம்மாளுக்குப் பேச்சே வரவில்லை. அந்த ஊர் அதுவரை கண்டிராத அதிசயம் அது. பிறகு வந்தது.

"தெரிஞ்சே! தெரிஞ்சே உன் படலைச் சாத்திக்கினு, அம்மன் பேரைச் சொல்லி எங்க பட்டிக்கு அனுப்புனியா?"

கயிற்றை அவர் கையில் திணித்தாள். "ஆடி முடியற வரைக்கும் ஏரிக்கரையில நீயே புடிச்சிக்கினு நில்லு. எந்தப் பட்டிப் பக்கமாவது வந்தே, உன்னையும் சேத்துக் கட்டுவேன்."

பட்டி வைத்திருந்த பெண்கள் எல்லாரும் அவள் பக்கம் வந்து நின்றுகொண்டார்கள். அருணகிரி நடந்தார். கிடா இருமிக்கொண்டே பின்னால் போனது.

எல்லம்மாள் திரும்பிவந்து சினையாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். கம்பவுண்டரை, அருணகிரியை, கடைசியில் அம்மனை. ஊசியின் வேலையோ, திட்டுத் தாங்கவில்லையோ, மறுநாள் அது எழுந்து தழையைக் கடித்தது. பக்கத்து ஆடு எழவில்லை. அதற்கும் சேர்த்து அவள் ஏரிக்கரைக்கே போய் அருணகிரியைத் திட்டினாள்.