இருபத்திரண்டாம் நம்பர் கோப்பை

முதலில் சத்தம் வரும், அப்புறம்தான் படம். மைதானத்துப் பதினான்காம் நம்பர் கடையில் அப்படித்தான். தலைக்கு மேலே காலரியில் எண்பதாயிரம் பேர் குதித்தால் இங்கே சாஸ் புட்டிகள் நடுங்கும். என்ன நடந்தது என்பது மூலையில் தொங்கும் டிவியில் வந்து சேர அரை நிமிடம் ஆகும். எர்லீன் பெட்வே தன் மகன் பல்கலைக்கழக அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடுவதை இந்த ஆட்டப் பருவம் முழுக்க இப்படித்தான் பார்த்தாள். அவளுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஹாட் டாக் விற்றாள்.

பெரிய கோலா கேட்பவர்களுக்கு அந்தப் பச்சைக் கோப்பையில்தான் ஊற்ற வேண்டும். பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிற ஒருவனின் படம் அதில் இருக்கும். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியாது. முதுகில் 22. பெயர் கிடையாது. பெயரைப் போட்டால் பையன் பங்கு கேட்பான் என்று எவனோ படித்தவன் யோசித்திருக்கிறான். ஆனால் அது அவள் மகன் ட்ரெமைன் என்று மிசிசிப்பியில் கைக்குழந்தைக்கும் தெரியும். பெற்றவளுக்கு அந்த இடது தோளின் சாய்வு தெரியாதா? கோப்பை எட்டு டாலர். அதில் ஒரு சென்ட் அவன் தொட்டாலும் குற்றம்; படிக்கிற பையன் ஆட்டத்தால் காசு பார்க்கக் கூடாது என்பது விதி.

மைதானத்துக் கடைகளை ஊர்த் திருச்சபைகளுக்கு விடுவார்கள். சபைப் பெண்கள் சம்பளமில்லாமல் நிற்பார்கள், விற்றதில் கொஞ்சம் சபைக்குப் போகும். எர்லீன் இங்கே நிற்பதற்குக் காரணம் வேறு. போன குளிர்காலத்தில் ட்ரெமைன் டெக்சஸில் ஆடியபோது, அவன் அம்மா ஒரு தடவையாவது நேரில் பார்க்கட்டும் என்று சபையில் காணிக்கைத் தட்டைச் சுற்றி அனுப்பினார்கள். பஸ்ஸுக்கும் அறைக்கும் சேர்ந்தது. போய் வந்தாள். அதுவரை எல்லாம் சரி. அடுத்த ஞாயிறு, சபைச் செயலாளர் சிஸ்டர் ஓசெல்லா ஆராதனைத் தாளில் கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் அச்சடித்து நன்றி சொன்னாள். துக்க வீட்டுக்கு ஒரு தட்டு கோழி வறுவல் கொடுத்தால்கூடத் தாளில் பெயர் வருகிற சபை அது. சொல்லாமல் விட்டால்தான் தப்பு.

அந்தத் தாள் எப்படியோ பல்கலைக்கழகத்து விதிமுறை அலுவலர் விட்லாக்கின் மேசைக்குப் போனது. பெயர்களில் ஒன்று டயர் கடைக்காரருடையது. அவர் பல்கலைக்கழகத்துக்கும் நன்கொடை கொடுப்பவராம். ஆகவே மகனின் ஆட்டத்தால் தாய் அடைந்த ஆதாயம் என்று எழுதிவிட்டார்கள். ட்ரெமைனுக்கு மூன்று ஆட்டம் தடை. வாங்கியதை ஏதாவது ஒரு தர்மத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எர்லீன் சபையின் பெயரையே சொன்னாள். கையில் பணம் இல்லாததால் கடையில் நின்று கழிக்கிறாள். வீரனின் தாய்க்கென்று ஒதுக்கிய இருக்கை மேலே காலியாகக் கிடக்கிறது.

"இன்னும் என்மேல கோவமா?" ஓசெல்லா பன்னை வாட்டிக்கொண்டே கேட்டாள்.

"உங்கமேல எதுக்கு சிஸ்டர்? நீங்க நன்றி சொன்னீங்க. இவனுங்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது."

எர்லீனின் யோசனை வேறெங்கோ இருந்தது. வியாழக்கிழமை ட்ரெமைன் போன் செய்திருந்தான்.

"முட்டி வீங்கியிருக்கும்மா."

"அப்ப ஆடாதடா. உக்காரு."

"ஊசி போட்டு இறக்குறேன்னு கோச் சொல்றாரு. வருஷா வருஷம் அவர் கையெழுத்து போட்டாதாம்மா என் ஸ்காலர்ஷிப் ஓடும். நான் உக்காந்தா வேற ஒருத்தன் வருவான்."

எர்லீன் போனை வைத்துவிட்டாள். இறங்காதே என்று கத்தியிருக்க வேண்டும். அவளே அவன் பட்டத்துக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். அதை நினைக்க நினைக்கத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இருபத்திரண்டாம் நம்பர் ஜெர்சி போட்ட வழுக்கைத் தலையன் ஒருவன் இரண்டு பெரிய கோலா கேட்டான். ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேலே சத்தம் நின்றது. குறையவில்லை, ஒரேயடியாக நின்றது. எண்பதாயிரம் பேர் வாயடைத்துப்போனார்கள். கோப்பை நிரம்பி அவள் கையில் வழிந்தது.

டிவியில் ட்ரெமைன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் கை வைத்து, இரண்டு காலிலும் ஊன்றி.

"ஓடாதடா," என்றாள் டிவியைப் பார்த்து. "டேய், ஓடாதடா!"

ஓடினான். இரண்டு பேர் வந்து விழுந்தார்கள். அவன் கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியது.

"போச்சு," என்றான் வழுக்கைத் தலையன். "நம்ம சீசனே போச்சு. ஐஸ் கம்மியா போடும்மா."

"உன் சீசனா? அது என் புள்ள காலு! நீ முதுகுல மாட்டிருக்கியே, அது நான் பெத்த புள்ளடா!"

 எர்லீன் ஓடினாள். மைதான வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான், கடைக்காரர் அட்டைக்கு உள்ளே அனுமதியில்லை என்று. வெளியே சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது. வாசலில் விட்லாக் நின்றார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய வெள்ளைக் கார்.

"மிஸ் எர்லீன்! பேசுனான், நெனவோடதான் இருக்கான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க."

"எவ்ளோ தூரம்?"

"பதினோரு மைல்."

சபை வேன் ஆயிரம் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கிடந்தது. ஆட்டம் முடியாமல் அது நகராது.

"உங்க வண்டியில என்னக் கொண்டுபோய் விடுங்க."

விட்லாக் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"விடலாம் மிஸ் எர்லீன். ஆனா ஆட்டக்காரர் குடும்பத்த நாங்க வண்டியில ஏத்தினா, அப்புறம் போன தடவ மாதிரி அவனுக்கே பிரச்சனை ஆயிடக் கூடாதுல்ல? ஒரே நிமிஷம். கேட்டுடறேன்."

போனைக் காதில் வைத்தார். யாரும் எடுக்கவில்லை. காத்திருப்பவர்களுக்காக அதில் பல்கலைக்கழகத்தின் வெற்றிப் பாட்டு ஓடியது, அவளுக்கே கேட்டது.

"அவன் காலு உங்களுக்கு வேணும்," என்றாள் எர்லீன். "அவன் முதுகு வேணும், கோப்பையில ஒட்டி விக்க. அவன் அம்மா ஒரு காருல ஏறினா மட்டும் ஊழலா?"

"ஒரே நிமிஷம்..."

அவள் ஏப்ரனை அவிழ்த்து அவருடைய கார் கண்ணாடிமேல் எறிந்தாள். சாஸ் கறை கண்ணாடியில் அப்பியது. நடக்கத் தொடங்கினாள்.

பின்னால் மைதானம் அதிர்ந்தது. அவன் இடத்தில் இறங்கிய எவனோ ஓடியிருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்த டிரக்குகளில் 22 போட்ட பச்சைக் கொடிகள் காற்றில் படபடத்தன. முதல் டிரக்கிலிருந்து ஒன்றைக் கம்போடு பிடுங்கினாள். அடுத்ததிலிருந்து இன்னொன்று. அதற்கடுத்ததிலிருந்தும். யாரோ ஒருவன் பின்னாலிருந்து திட்டினான். மகனின் நம்பரை இரண்டு கைகளாலும் மார்போடு வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சாலையில் அவள் போய்க்கொண்டே இருந்தாள்.