நாலு முறை திரும்பிய காற்று

அந்த மரப்பட்டறைக்காரியைத் தெரு முழுக்க ‘உளி அக்கா’ என்றுதான் கூப்பிடும். நாற்பத்தாறு வயது. அவள் செய்த மேசை இழுப்பறையைச் சுண்டுவிரலால் தள்ளினால் போதும், தானாகப் போய் மூடிக்கொள்ளும். கை அப்படி. பட்டறைதான் சின்னது. தலைக்கு மேலே தகரம். உள்ளே ஒரு ரம்பம், ஒரு இழைப்பு மெஷின், இரண்டுக்கும் பொதுவாக மூலையில் ஒரு தூசி உறிஞ்சும் மெஷின். ரம்பமாவது பலகையை அறுக்கும்போது மட்டும்தான் கத்தும். இந்த உறிஞ்சி காலை ஒன்பது மணிக்குத் தொண்டையைத் திறந்தால் மாலை ஆறு வரைக்கும் ஓயாது.

அது நின்ற சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் குடிவந்தார். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவர். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு நகராட்சிக்கு எழுதிப் போட்டுவிட்டார். பத்தாம் நாள் அளக்க வருவோம், பக்கத்து வீட்டுக்குள் ஐம்பத்தைந்து டெசிபலைத் தாண்டினால் மெஷினுக்குச் சீல் என்று நோட்டீஸ் வந்தது.

உளி அக்கா நோட்டீஸைச் சுருட்டிக்கொண்டு நேராகப் போய் நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவதாகத்தான் எண்ணம். கதவு திறந்தது. அந்தக் கண்கள் இரண்டும் செக்கச்செவேலென்று வீங்கிக் கிடந்ததைப் பார்த்ததும் நோட்டீஸை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“நேத்து ஒரு மருந்துப் பாட்டில் பேரை மூணு தரம் படிச்சேங்க. எழுத்தே கூட மாட்டேங்குது,” என்றார் நர்ஸ். “உங்க கடையை மூடணும்னு எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல. ஆனா கை தவறி ஒருத்தருக்கு மாத்திக் கொடுத்துட்டா?”

உளி அக்கா வந்த வழியே திரும்பினாள். நேராக நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நாத்தனாருக்கு மோட்டாருக்குள் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற தொழில். தலைமுடியும் சுருள் சுருளாக இருக்கும். ஆகவே வீட்டில் அவள் பெயரே ‘சுருள்’. விஷயத்தைக் கேட்டதும், “இவ்வளவுதானே அண்ணி, பெட்டிக்குள்ள போட்டு மூடிடலாம்!” என்று மறுநாளே கருவிப்பையோடு வந்து இறங்கினாள்.

இரட்டைப் பலகை, நடுவில் எரியாத கண்ணாடிப் பஞ்சு, கால்களுக்கு அடியில் கனத்த ரப்பர். ஒரு வாரம் இருவரும் வியர்வையில் குளித்தார்கள். எட்டாம் நாள் காலை மூடியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார்கள். மெஷின் ஏதோ பக்கத்து ஊரில் ஓடுவது போலக் கேட்டது. உளி அக்கா போனில் அளவு காட்டும் செயலியைத் திறந்து சுவரோரம் பிடித்தாள். எண் மளமளவென்று இறங்கியது. சுருள் அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினாள்.

இருபது நிமிடம்தான். சுருள் மூக்கை உறிஞ்சினாள்.

“அண்ணி! நிறுத்துங்க, நிறுத்துங்க! காயில் வார்னிஷ் கருகுது!”

மூடியைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது. இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் மோட்டார் போயிருக்கும். மரத்தூள் இருக்கும் இடம், தீப்பிடிக்காமல் மோட்டாரோடு போயிருந்தால் நல்லது.

“சத்தத்தைப் பூட்டினோம். சூட்டையும் சேர்த்துல்ல பூட்டிட்டோம்,” என்று சுருள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பெட்டியில் இரண்டு பெரிய ஓட்டைகள் போட்டுப் பார்த்தார்கள். சூடு குறைந்தது. சத்தம் அந்த ஓட்டை வழியாக மொத்தமாக வெளியே வந்து நின்றது. கையில் மிச்சம் ஒன்றரை நாள்.

“நீ ஓடவிட்டுக் காயிலைப் பார்த்துக்கோ. நான் போய் நர்ஸம்மாகிட்ட இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கச் சொல்லிட்டு வரேன்,” என்று உளி அக்கா கிளம்பினாள்.

நர்ஸ் வீட்டு வாசல் பின்பக்கம். அங்கே போக ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து, இரண்டு இடத்தில் மடங்கித் திரும்பும். பட்டறையின் இரைச்சல் முதுகில் அறைய அறைய நடந்தவள், முதல் திருப்பத்தில் சட்டென்று நின்றாள். இரைச்சல் பாதியாகிவிட்டது. இரண்டாவது திருப்பத்தில் இன்னும் பாதி. ஆனால் சந்தில் வீசிய காற்று மட்டும் அவள் பின்னாலேயே வளைந்து வந்து முந்தானையைப் படபடக்க வைத்தது.

திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள். மூன்றாவது முறை வரும்போது நர்ஸ் கதவைத் திறந்தார்.

“என்னங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?”

“இல்லீங்க! கிடைச்சிருச்சு!” என்று கத்திவிட்டு ஓடியே போனாள் உளி அக்கா. கேட்க வந்த ஒரு நாளைக் கேட்கவே இல்லை.

“சுருளு! காத்துக்குத் திரும்பத் தெரியும்டி. சத்தத்துக்குத் தெரியாது. முட்டி முட்டிச் செத்துப்போகுது!”

சுருளுக்கு அரை நொடிதான் பிடித்தது. “அப்போ சந்து கட்டுவோம், பெட்டிக்குள்ளயே! அண்ணி, இந்த மெஷின் தானே காத்தைத் தள்ளுது? தூள் பையில வடிகட்டி வர்ற காத்தை மோட்டார் மேலயே திருப்பி விட்டா, அதோட வியர்வையை அதுவே துடைச்சுக்கும்!”

பிறகு பேச்சே இல்லை. ஓட்டைகளை அடைத்தார்கள். உள்ளே பஞ்சு ஒட்டிய நாலு திருப்பங்களோடு ஒரு பாதை கட்டினார்கள். பையிலிருந்து வரும் காற்று மோட்டாரைத் தடவிக்கொண்டு, நாலு முறை வளைந்து, தகரக் கூரை வழியாக வெளியே போக வேண்டும். மறுநாள் பகல் மூன்று மணிக்குக் கடைசி ஆணி. ஸ்விட்சைத் தட்டினார்கள்.

ம்ம்ம் என்று ஒரு முனகல். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஓடியது. சுருள் சின்னக் கதவைத் திறந்து மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து வரைக்கும் எண்ணினாள். கையை எடுக்கவில்லை.

அவர்கள் கணக்கில் வைக்காத ஒன்றும் நடந்தது. வாசலில் கிடந்த மரச்சீவல் ஒன்று தானாக உள்ளே உருண்டு வந்தது. பின்னால் இன்னொன்று. கூரை வழியே காற்று போகப் போக, வாசல் வழியாகப் புதுக்காற்று இழுபட்டு வந்துகொண்டிருந்தது. கொல்லன் உலையாகக் கிடந்த பட்டறையில் உளி அக்காவின் பிடரி வியர்வை சில்லென்று உலர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி ஐந்து டிகிரி இறங்கியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்கள்.

பத்தாம் நாள் ஆபீசர் வந்தார். அளக்கும் கருவியோடு நர்ஸ் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். பட்டறையில் உளி அக்கா மெஷினை ஓடவிட்டாள். பொறுக்க முடியாமல் சுவரைப் பார்த்து, “ஃபுல்லா போட்டிருக்கேன் சார்! நல்லாப் பாத்துக்குங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். “மெஷின் நாப்பத்தொம்பது. நீங்க கத்தினது அறுபத்திமூணு. பெட்டி உங்களுக்குத்தான் செய்யணும் போலிருக்கு.” பிறகு சந்தேகமாகத் தலையைச் சாய்த்தார். “நிஜமா ஓடுதா இது?”

சோதிக்கக் கையிலிருந்த படிவத்தைத் தூசி இழுக்கும் குழாயின் வாயருகே நீட்டினார். லபக்! படிவம் உள்ளே போய்விட்டது.

“அய்யோ, அதுலதான் அளவெல்லாம் எழுதியிருக்கேன்!”

சுருள் மெஷினை நிறுத்தி, தூள் பைக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கசங்கிய படிவத்தை எடுத்தாள். ஆபீசர் அதை வாங்கி உதறினார். தும்மினார். ‘சரி’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

இதெல்லாம் நடக்கும்போது நர்ஸைக் காணோம். ஆபீசரை அனுப்பிவிட்டு உளி அக்கா சந்து வழியாகப் போய் எட்டிப் பார்த்தாள். கதவை உள்ளே தாழ் போடக்கூட மறந்து, நாற்காலியிலேயே சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க அவர் தூங்கிக்கொண்டிருந்தார். உளி அக்கா கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வந்தாள்.

“அடுத்து இழைப்பு மெஷின்,” என்றாள் சுருளிடம், குரலைத் தாழ்த்தி.

“அது பலகை உள்ள போக, வெளிய வரன்னு ரெண்டு பக்கமும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதே அண்ணி. அதுக்கு எங்கேருந்து பெட்டி போடுவீங்க?”

உளி அக்கா ஒரு பலகைத் துண்டை இழுத்து வைத்துக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். “இங்க வா. காட்டுறேன்.”